மாவு ஆட்டும் வசனம்

சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் சிரித்துவிட்டேன், அதுவும் வாய்க்குள் இல்லை, தொண்டையைத் திறந்து, முப்பது நாற்காலி மட்டும் போட்ட இந்தச் சின்ன தியேட்டரின் இருட்டில் எல்லாருக்கும் முந்தி நான்தான் சிரித்தேன். எனக்கு அடுத்து கேப்ரியேல் சார், அவருக்கு அடுத்து பிரமீளா மேடம், கடைசியாக அதிகாரி சிவப்பிரகாசம், அவர் சிரிப்பு எப்போதும் தும்மலை அடக்குவது போலத்தான் வரும். திரையில் எட்டு வயசுப் பெண் பிள்ளை ஒன்று, ரெட்டைச் சடை, மஞ்சள் கவுன், ஃபிளாட் அசோசியேஷன் மீட்டிங்கில் எல்லாருக்கும் நடுவில் நின்றுகொண்டு கதாநாயகனைப் பார்த்து, "அங்கிள், நீங்க தினமும் ராத்திரி மாவு ஆட்டுறீங்க, எங்க வீட்டுல மாவு ஆட்டியே ரொம்ப நாளாச்சு, எங்கம்மா கடை மாவுதான் வாங்குறாங்க" என்று சொல்கிறது. எங்கம்மா என்பதற்கு முந்தி ஒரு விநாடி நிறுத்துகிறது, அந்த ஒரு விநாடிதான் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது, அவ்வளவு சுத்தமாக நிறுத்துகிறது. பிறகு படத்தில் மீட்டிங்கே உருண்டு சிரிக்கிறது, அந்தப் பிள்ளையின் அப்பாவாக வருகிறவர் நாற்காலியை விட்டு எழுந்து போகிறார், அம்மாவாக வருகிறவள் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்துகிறாள், அதற்கும் ஒரு சிரிப்பு. பிள்ளை எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தானும் சிரிக்கிறது, முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருக்கிறது, மேல் வரிசை இடது பக்கம். அந்தப் பல்லைப் பார்த்த உடனே என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பேனா விளக்கை அமுக்கித் தாளில் நேரத்தைக் குறித்தேன், ஒரு மணி பதினெட்டு நிமிஷம். குறித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் 'மாவு' என்று மட்டும் எழுதினேன், மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. மாசத்துக்கு மூணு தடவை இப்படி ஒரு காலையில் கூப்பிடுவார்கள், கிளினிக்கை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டு வருவேன், நாலு பேர் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்து அதைக் குழந்தைகள் பார்க்கலாமா, கூடாதா, பெரியவர்கள் கூட இருந்தால் பார்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்றும் எழுத வேண்டும். குழந்தைகளுக்குப் பல் பார்க்கிற டாக்டர் என்பதால் என்னை சென்சார் குழுவில் போட்டார்கள், சண்முகக்கனி குழந்தை மனசு தெரிந்தவள் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தது குழந்தை வாய் மட்டும். இன்றைக்குப் படம் 'பக்கத்து ஃபிளாட் பரமசிவம்'. புதுசாகக் கல்யாணம் ஆன பரமசிவம், சுவர் மெல்லிசாக இருக்கிற ஃபிளாட், ராத்திரி சத்தம், பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் லிஃப்டில் வைத்து என்ன சத்தம் என்று கேட்கிறது, பரமசிவம் திருதிருவென்று விழித்துவிட்டு கிரைண்டரில் மாவு ஆட்டினோம் என்கிறான், அதிலிருந்து படம் முழுக்க மாவுதான். எனக்கு இதிலெல்லாம் பெரிய கூச்சம் கிடையாது. வேட்டி மூணு தடவை அவிழ்ந்தது, விட்டுவிட்டேன். முருங்கைக்காய் வந்து போயிற்று, அது இல்லாமல் இந்த மாதிரிப் படம் எடுக்க அனுமதி இல்லை போலும். ஜாக்கெட் அளவு எடுக்கிற தையல்காரன் வந்தான், பரமசிவத்தின் மாமனார் தப்பான மாத்திரையை முழுங்கிவிட்டு மொட்டை மாடியில் ஓடினார், அதற்கும் சிரித்தேன், பெரியவர்கள் பெரியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள், அவர்கள் பாடு. பிள்ளைகளுக்கு வேண்டாம், 'ஏ' போட்டுவிட்டால் முடிந்தது என்று இடைவேளையில் டீ குடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், மேரி பிஸ்கெட்டைக்கூட நிம்மதியாகத் தின்றேன். அதற்கப்புறம்தான் அந்தப் பல்.

வெட்ட வேண்டும், இதை வெட்டியே ஆக வேண்டும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். ஆனால் முதலில் சிரித்தவள் நான். சிரித்ததை எப்படி வெட்டச் சொல்வது, கேப்ரியேல் சார் பக்கத்தில்தான் இருக்கிறார், காலேஜில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர், யார் எப்போது சிரித்தார்கள் என்பது அவருக்கு மறக்காது. பாடம் நடத்தியவர். பாடம். அந்த வார்த்தை தானாக வந்து நின்றுவிட்டது, நான் கூப்பிடவில்லை, அது எப்போதும் இப்படித்தான், கூப்பிடாமல் வரும். ஒரு பிள்ளைக்குப் பல்லை அடைத்துக்கொண்டிருக்கும்போது வரும், சிக்னலில் நிற்கும்போது வரும், வந்த உடனே காது மடல் சூடாகும், வாயைத் திறந்து ஏதாவது பேசி அதை அமுக்குவேன், கிளினிக்கில் இருக்கிற நர்ஸ் சரோஜா நான் தனியாகப் பேசுகிறேன் என்று வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சித்தப்பா சித்திக்குப் பாடம் நடத்துறாரு, கதவைத் தட்டக் கூடாது. அவ்வளவுதான் என் வசனம். எண்பத்தேழாம் வருஷம், அருப்புக்கோட்டையில் சித்தப்பா கல்யாணம், எனக்கும் எட்டு வயசு, எனக்கும் ரெட்டைச் சடை. எழுதிக் கொடுத்தவர் அத்தை வீட்டுக்காரர் தங்கவேல் மாமா. கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் முற்றத்தில் ஆம்பிளைகள் எல்லாரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், மாமா என்னை மடியில் இழுத்து உட்கார வைத்துக் காதில் சொல்லிக் கொடுத்தார், மூணு தடவை சொல்ல வைத்துப் பார்த்தார், பிறகு சத்தமாக, "சித்தப்பா எங்கட்டீ கனி?" என்று கேட்டார். நான் சொன்னேன். முற்றமே ஆடிப்போயிற்று. மாமா எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், ஆரஞ்சுக் கலர், முழு பாட்டிலும் எனக்கே. அதற்கு முந்தி முழு பாட்டில் நான் குடித்ததே இல்லை, தம்பியோடு பங்குதான்.

திரையில் பாட்டு வந்துவிட்டது, மழை, நனைந்த சேலை, நேரத்தைக் குறிக்கணும், குறித்தேன். அந்த ஒரு வாரம் நான்தான் கல்யாண வீட்டின் பெரிய ஆள். யார் வந்தாலும் கூப்பிட்டார்கள், பந்தல்காரர், சமையல்காரர், கோவில்பட்டியிலிருந்து வந்த சித்தி வீட்டு ஆள்களே இரண்டு பேர், கூப்பிட்டுக் கேட்டார்கள், சித்தப்பா எங்கே. சித்தப்பா சில நேரம் பக்கத்திலேயே நிற்பார், அப்போதும் சொல்வேன், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எங்கே நிறுத்தணும் என்று நானே கண்டுபிடித்தேன், பாடம் நடத்துறாரு என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தி, கண்ணை உருட்டி, பிறகு கதவைத் தட்டக் கூடாது என்று சொன்னால் சிரிப்பு இரண்டு மடங்கு வரும், யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பிள்ளையும் அதைத்தான் கண்டுபிடித்திருக்கிறது, அந்த ஒரு விநாடி டைரக்டர் சொல்லிக் கொடுத்தது இல்லை, எனக்குத் தெரியும். பாடம் என்றால் பாடம் என்றுதான் நினைத்தேன், சித்தி எட்டாவதோடு நின்றுவிட்டாள், சித்தப்பா பி.காம்., நடத்துகிறார் போல. அதில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேனா? நினைத்தேன். நான் நன்றாகச் சொல்கிறேன், அதனால் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. வசந்தா சித்திக்கு அப்போது பத்தொன்பது வயசு, நான் சொல்லும்போதெல்லாம் கையில் இருப்பதை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள், ஒரு தடவை காபி டம்ளரை மாமனார் கையில் கொடுக்காமலே தரையில் வைத்துவிட்டுப் போனாள், அதற்குத் திட்டு வாங்கினாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, என் தலையைப் பின்னிவிடுகிறேன் என்று கூப்பிட்டு உட்கார வைத்து, ஒன்றும் பேசாமல் தொடையில் கிள்ளினாள், நகம் பதிகிற மாதிரி, இன்றைக்கும் அந்த இடம் தெரியும் எனக்கு. நான் ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "பச்சைப் பிள்ளையைக் கிள்ளுதியே, வந்த அன்னைக்கே ஒன் கொணத்தைக் காட்டுத" என்று சத்தம் போட்டாள். சித்தி எதற்குக் கிள்ளினேன் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், யாரிடம் சொல்வாள். அது எட்டு வயசில் தெரியவில்லை, சித்தி கெட்டவள் என்று மட்டும் தெரிந்துகொண்டேன், ஆறு வருஷம் அவளோடு பேசவில்லை.

பரமசிவம் இப்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறான், மேலே யாரோ உட்காருகிறார்கள், பிரமீளா மேடம் கைப்பையில் எதையோ தேடுகிறார், அவருக்குப் பிடிக்காத காட்சி வந்தால் கைப்பையில் ஏதாவது தொலைந்துவிடும். அவர் அளவுகோல் எனக்குப் பிடிக்கும், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நான் இதைப் பார்ப்பேனா என்பதுதான் அது, அதற்குமேல் விதி எதுவும் அவருக்குத் தேவைப்படுவதில்லை. என் அளவுகோல் என்ன? நாற்காலியில் வந்து உட்காருகிற பிள்ளைகள், வாயைத் திற என்றால் திறந்துவிடுகின்றன, வலிக்காது என்றால் நம்பிவிடுகின்றன, நான் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் எடுத்த பிறகு சொல்லிவிடுவேன், இது ஊசிதான், கொஞ்சம் வலித்தது, நீ அழுதது தப்பு இல்லை என்று. அதைச் சொல்லாமல் ஒரு பிள்ளையையும் இறக்கியதில்லை. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் புது டீச்சருக்கும் டிரில் மாஸ்டருக்கும் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், இனிமே வீட்டிலும் பாடம் நடத்துவார் என்று ஒருத்தி சொல்ல இன்னொருத்தி அவள் முதுகில் அடித்தாள். அவ்வளவுதான். ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துபோயிற்று, முற்றம், சீட்டு, ஆரஞ்சுக் கலர், சித்தி தரையில் வைத்துவிட்டுப் போன டம்ளர், ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டது, நான் கண்ணை உருட்டியது. குழாயை மூடவில்லை, டிபன் பாக்ஸ் நிரம்பி வழிந்தது, மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, யாரும் என்னைத் தொடவில்லை அடிக்கவில்லை, ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான், ஆனால் என் வாயை எடுத்து ஒரு வாரம் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். தங்கவேல் மாமா போன மாசிக்கு முந்தின மாசியில் இறந்துபோனார், போனேன், மாலை போட்டேன், எல்லாரும் அழுதார்கள், குழந்தைகன்னா அவருக்கு உசுரு என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள், எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, மெட்ராஸ்காரி, மனசு இறுகிப்போச்சு என்று அத்தை சொன்னாளாம். சொல்லட்டும்.

விளக்கு போட்டுவிட்டார்கள். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனோம், நீள மேஜை, நாலு தண்ணீர் பாட்டில், அச்சடித்த படிவம். சிவப்பிரகாசம் சின்ன வயசு, முப்பத்தைந்து இருக்கும், எதையும் பன்னிரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும் அவருக்கு. "பதினாறு வயசுக்கு மேலன்னு சர்டிபிகேட் கேட்டிருக்காங்க, ஆனா ஏ-தான், நமக்குள்ள ரெண்டு கருத்து இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார். பிரமீளா மேடம், "இதுல என்ன சார் யோசனை, ஏ-தான்" என்றார். கேப்ரியேல் சார் தலையாட்டினார். என்னைப் பார்த்தார்கள். ஏ-தான் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம், கிளினிக்கில் மூணு மணிக்கு ஒரு கடைவாய்ப்பல் காத்திருக்கிறது, எல்லாருக்கும் நல்லவளாகப் போய்விடலாம், எனக்குள் இருக்கிற எட்டு வயசுக்காரி இன்னும் அதைத்தான் விரும்புகிறாள், எல்லாரையும் சிரிக்க வைத்து நல்ல பெயர் வாங்க. "ஏ-க்கு எனக்கும் சம்மதம். அந்தக் குழந்தை பேசுற மாவு வசனத்தையும் எடுக்கணும்" என்றேன். சிவப்பிரகாசம் பேனாவை மூடிவிட்டிருந்தார், மறுபடி திறக்கவில்லை. "டாக்டர், ஏ-ன்னு ஆன பிறகு எதுக்கு? குழந்தைங்க யாரும் பார்க்கப் போறதில்லையே." "ஒரு குழந்தை பேசியே முடிச்சிருச்சே சார். அதுக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தது? நாம ஏ கொடுத்தா, தான் நடிச்ச படத்தைப் பார்க்க அந்தப் பிள்ளையையே தியேட்டர்ல உள்ள விட மாட்டாங்க. பார்க்கக் கூடாததைப் பேசலாமா?" கேப்ரியேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நான் எதிர்பார்த்தது வந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர், அந்த சீனுக்கு முதல்ல சிரிச்சது நீங்கதான்." காது மடல் சூடானது. ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை, மழுப்பினால் தோற்றுவிடுவேன். "ஆமா சார், சிரிச்சேன். நாலு பேரும் சிரிச்சோம். யாரைப் பார்த்துச் சிரிச்சோம்னு யோசிச்சீங்களா? பரமசிவத்தைப் பார்த்தா? எட்டு வயசுப் பிள்ளை தன் அம்மாவையே சந்தி சிரிக்க வைக்குது, அது தெரியாம வைக்குது, அது தெரியலங்கிறதுதான் நமக்கு வேடிக்கை. தெரிஞ்சு பேசியிருந்தா சிரிச்சிருக்க மாட்டோம்." கேப்ரியேல் சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிரமீளா மேடம்தான் மெதுவாக, "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்தது" என்றார், இருந்ததோ இல்லையோ, என் பக்கம் ஒரு ஆள் வந்தாயிற்று.

சிவப்பிரகாசம் படிவத்தைத் திருப்பினார், வெட்டு என்றால் அதற்குக் காரணம் எழுத வேண்டும், அதுதான் இங்கே முறை, காரணம் இல்லாத வெட்டு செல்லாது. "சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன். மாவு ஆட்டுவது பற்றிய வசனம் நீக்கம். அப்படிப் போட்டா போதுமா?" எழுதிப் படித்துக் காட்டினார், ஒரு அப்பாவித்தனமான வாக்கியமாக இருந்தது, இட்லிக்கு யாரோ தடை போட்டது போல. "இப்படிப் போனா மேல இருந்து போன் பண்ணிக் கேப்பாங்க, மாவுல என்ன தப்புன்னு. அர்த்தத்தை எழுதணும்." எழுதுங்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் சொல்லுங்கள் என்று அவர் சொன்னார். கேப்ரியேல் சார் ஜன்னலைப் பார்த்தார். பிரமீளா மேடத்தின் கைப்பையில் ஏதோ தொலைந்துவிட்டது. இரண்டு மணி நேரம் இதற்காகச் சிரித்த நாலு பேர், இதற்கு என்ன பெயர் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, என் ஊரில் மட்டும் என்ன, முற்றத்தில் அத்தனை பேர் இருந்தார்களே, அந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்தருக்காவது தைரியம் இருந்திருந்தால் எட்டு வயசுப் பிள்ளையை எதற்குக் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தைந்து வயசு எனக்கு, டாக்டருக்குப் படித்தவள், ஆம்பிளைகள் இருக்கிற அறையில் தமிழில் நான் இதைச் சொன்னதே இல்லை. "உடலுறவுன்னு எழுதுங்க சார்" என்றேன். அவர் எழுத ஆரம்பித்து நிறுத்தினார். "உறவுக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா மேடம்?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர். "பெரிய ற" என்றேன், பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: கணவன் மனைவி உடலுறவைக் குறிக்கும் 'மாவு ஆட்டுதல்' என்ற சொல்லை, அதன் பொருள் அறியாத சிறுமியின் வாயில் வைத்து, அச்சிறுமியின் தாயைப் பற்றியே பேசவைத்து நகைச்சுவை உண்டாக்குதல், காட்சி முழுவதும் நீக்கம். எழுதி முடித்தபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வியர்த்திருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டைரக்டரைக் கூப்பிட்டார்கள். தயாரிப்பாளரும் அவர்தான், செழியன் என்று பெயர், நாற்பது வயசு இருக்கும், சட்டைப் பையில் திருநீறு மடித்த காகிதம் தெரிந்தது, நான் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சிவப்பிரகாசம் படித்தார். ஏ என்றதும் செழியன் கண்ணை மூடித் திறந்தார், அதை வாங்கிக்கொண்டார். வெட்டு என்றதும் மேஜையைப் பிடித்தார். "சார், ஏ-வே குடுங்க, தாங்கிக்கிறேன். மழைப் பாட்டு பூராவும் வேணாலும் எடுத்துடுறேன். அந்த ஒரு சீன் மட்டும் விட்டுருங்க, படத்துக்கே உசுரு அதுதான், எங்க போட்டுக் காட்டினாலும் ஜனங்க அதுக்குத்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க." சிவப்பிரகாசம் என்னைப் பார்த்தார், தப்பித்துக்கொண்டார். நான் மாட்டேன் என்றேன். "மேடம், அது வெளியாள் பிள்ளை இல்ல. என் பொண்ணு, மித்ரா. நான் அதுக்குக் கெடுதல் பண்ணுவேனா? சத்தியமா அவளுக்கு அர்த்தம் தெரியாது மேடம், இட்லி மாவுன்னுதான் நினைச்சிட்டிருக்கா." அவர் சொந்த மகள் என்றதும் எனக்குள் ஏதோ ஆட்டம் கண்டது, கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, பயம்தான் வந்தது, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை தெரிந்தது, இன்னும் ஆறு வருஷம் கழித்து ஒரு நாள் மாவு என்று யாரோ சொல்ல, தட்டில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்க்கப்போகிற ஒரு பிள்ளை, எதிரே இவர். "எல்லாரும் சிரிக்கிறாங்களே, அது எதுக்குன்னு நினைச்சுக்கிறா?" என்று கேட்டேன். செழியன் முகத்தில் ஒரு பெருமை வந்தது, அடக்க முடியாத பெருமை. "தான் நல்லா நடிச்சதா நினைச்சுக்கிறா மேடம்." சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. "மூணாவது படிக்கிறா" என்றார், யாரும் கேட்காமலே. "ஒன்பதாவது படிக்கிறப்போ அர்த்தம் தெரியும்" என்றேன், "அப்ப அவ உங்களைக் கேக்க மாட்டா. ஒண்ணும் கேக்க மாட்டா. அதுதான் கஷ்டம்."

மறுபரிசீலனைக்கு மனு போடலாம், அதற்கு வேறு குழு, வேறு ஆட்கள் என்று சிவப்பிரகாசம் எடுத்துச் சொன்னார், சொல்ல வேண்டியது அவர் கடமை, செழியன் கேட்ட மாதிரியே தெரியவில்லை. ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், தமிழில் எழுதியிருந்ததை, உதடு அசைய அசைய. வேறு குழுவுக்குப் போனால் இது பிழைத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும், அங்கே கிள்ளு வாங்கிய ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். போகிறேன் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சொன்னால் விடக் கூடாது என்றும் நினைத்தேன், நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "எடுத்துடுறேன்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார், டைரக்டர் மாதிரி இல்லை, கிளினிக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற அப்பாக்கள் மாதிரி. "ஸ்கூல் பூரா சொல்லி வச்சிருக்கா மேடம். உள்ள விட மாட்டாங்கன்னு சொன்னாக்கூட ஒத்துக்குவா. நீ பேசுன அந்த சீனே படத்துல இல்லன்னு எப்படிச் சொல்றது? நான் சரியா பண்ணலையாப்பான்னுதான் முதல்ல கேப்பா. என்ன சொல்லட்டும்?" இதை நான் யோசிக்கவே இல்லை. வெட்டுவது, வெட்டுவது என்று அப்போதிலிருந்து நினைத்தேனே, வெட்டினால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கும் என்பது புத்தியில் ஏறவில்லை, வலிக்காது என்று சொல்லிக்கொண்டு ஊசியை மறைத்துக்கொண்டு நானும்தான் நின்றிருக்கிறேன். என்ன சொல்வது என்று தேடவில்லை, அது வாயிலேயே இருந்தது. "நீ நல்லாத்தான் பண்ணே, அப்பா எழுதினதுதான் தப்பு, உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க, புரியலன்னாலும் பரவாயில்ல, புரியுற அன்னைக்கு ஞாபகம் வரும்." செழியன் தலையை ஆட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்கிறவர் போல மெதுவாகத் திருப்பிச் சொன்னார், "நீ நல்லாத்தான் பண்ணே. அப்பா எழுதினதுதான் தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்ல." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான், ஆனால் முப்பத்தேழு வருஷத்தில் ஒரு பெரிய மனுஷன் என்னைப் பார்த்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.